40 மணி நேர ஒட்டகக் கன்று, சீம்பால் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை, மொத்தப் புரதம் 4.1: இனி என்ன செய்யலாம்?

பாலைக்கன்று (அல் ஐன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அபுதாபி அமீரகத்தில், அல் ஐன் நகருக்கு வெளியே உள்ள ஒரு பால் ஒட்டகப் பண்ணையில் கால்நடை மருத்துவராகப் பணிபுரிகிறேன். இதற்கு முன் நான் பார்த்ததெல்லாம் மாடும் ஆடும் கொஞ்சம் குதிரையுந்தான். ஒட்டகத்தோடு பழகுவது இது இரண்டாவது ஈற்றுக் காலம். ஆகவே என் கேள்வியில் அறியாமை தென்பட்டால் பொறுத்துக்கொண்டு திருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பருவத்தில் நவம்பர் முதல் இதுவரை மூன்று கன்றுகளை இழந்துவிட்டோம். மூன்றும் பிறக்கும்போது நல்ல எடையோடு, குறை சொல்ல முடியாதபடிதான் இருந்தன. நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஒன்று கழிச்சலிலும், ஒன்று தொப்புள் சீழ்பிடித்து மூட்டுகள் வீங்கியும், மற்றொன்று எந்த முன்னறிகுறியும் இல்லாமல் ஒரே இரவில் துவண்டும் இறந்தன. இரண்டின் தாய் தலையீற்று ஒட்டகம். மூன்றாவதன் தாய் வயதானது, காம்புகள் பருத்துக் கன்றின் வாய்க்குள் அடங்காத அளவில் இருந்தன.

இப்போது கையில் இருப்பது நான்காவது. பெண் கன்று, 36 கிலோ, பிறந்து 40 மணி நேரம் ஆகிறது. நள்ளிரவுக்குப் பிறகு ஈன்றிருக்கிறது. தலையீற்றுத் தாய் கன்றை அண்டவிடாமல் உதைத்திருக்கிறது. காலையில்தான் பணியாளர்கள் பார்த்து, மாட்டுக் கன்றுகளுக்கென்று வைத்திருந்த பால் தூளைக் கரைத்துப் புட்டியில் கொடுத்திருக்கிறார்கள். தாயின் சீம்பால் அரை லிட்டர் அளவில் உள்ளே போனது 20 மணி நேரத்துக்குப் பிறகுதான். நான் அன்று விடுப்பில் இருந்தேன். 36-ஆம் மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தில் ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் ஒளிவிலகல்மானியின்படி மொத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 4.1 கிராம். உடல் வெப்பம் 37.2 டிகிரி, உறிஞ்சும் வேகம் குறைவு, கழிச்சல் இன்னும் தொடங்கவில்லை.

என் ஐயங்கள் இவை. இந்த நேரத்தில் சீம்பால் கொடுப்பதால் பயன் உண்டா? பிளாஸ்மா (இரத்தத்தில் செல்களை நீக்கிய திரவப் பகுதி) ஏற்ற வேண்டுமென்றால் எவ்வளவு, யாரிடமிருந்து? குதிரைக் குட்டிகளுக்குச் செய்தபோது இரத்தப் பையைத் தொங்கவிட்டுச் செல்கள் அடியில் படிந்ததும் மேலிருப்பதை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். இங்கும் அதைச் செய்யலாமா? மேலும், பண்ணை மேலாளர் இது இந்தக் கிடாவின் (இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் ஒட்டகத்தின்) வழியாக வரும் பரம்பரைக் குறை என்று உறுதியாக நம்பி, கிடாவை மாற்றிவிடலாம் என்கிறார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?


நாமக்கல் பழையவர் எழுதியது:

அன்புள்ள தம்பிக்கு, பதினொரு ஆண்டுகள் வளைகுடாவில் ஒட்டகங்களோடு இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். விளக்கங்களைப் பிறகு சொல்கிறேன். முதலில் கன்றைச் சூடாக்குங்கள். டிசம்பர் இரவுகளில் பாலை எப்படிக் குளிரும் என்பது உங்களுக்குத் தெரியும். 37.2-இல் இருக்கும் கன்றின் வயிற்றில் எதை ஊற்றினாலும் அது செரிக்காமல் கிடக்கும், புரையேறவும் வாய்ப்பு உண்டு. போர்வையும் வெந்நீர்ப் புட்டிகளும் வைத்து 38-ஐத் தாண்டவிடுங்கள். இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். அதற்குள் பிளாஸ்மாவுக்கான ஏற்பாட்டைத் தொடங்கிவிடுங்கள். நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

வாய்வழிச் சீம்பாலைப் பொறுத்தவரை, இரத்தத்துக்குள் நோய் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) சேர்க்கும் வாயிலாக அது இனிப் பயன்படாது. ஒட்டகத்தின் நச்சுக்கொடி பல அடுக்குகள் கொண்டது. தாயின் எதிர்ப்புப் புரதங்கள் அதைக் கடந்து கருவுக்குள் செல்வதில்லை. ஆகவே ஏறத்தாழ 13 மாதம் வயிற்றில் இருந்து வரும் கன்று, இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமலேயே மண்ணில் விழுகிறது. குடல் சுவர் அந்தப் பெரிய புரதங்களை உடைக்காமல் முழுதாக உள்வாங்குவது முதல் 6 மணி நேரத்தில் மிகுதி, 12-இல் பாதிக்கும் கீழே, 24-இல் அநேகமாக முடிந்துவிடும். அதற்கிடையில் வெறும் பால் தூளைக் கொடுத்தது அந்த வாயில் விரைவாக அடைபடவும் உதவியிருக்கும். இருந்தாலும் சீம்பாலைக் கொட்டிவிடாதீர்கள். குடலின் உட்புறத்தில் கிருமிகள் ஒட்டாதபடி அது காவலாக நிற்கும். ஒவ்வொரு வேளைப் பாலிலும் கால் லிட்டர் கலந்து ஒரு வாரத்துக்குக் கொடுங்கள், கழிச்சலின் கடுமை குறையும்.

பிளாஸ்மாவின் அளவை நான் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லி என்று வைத்துக்கொள்வேன். உங்கள் கன்றுக்கு 720 மில்லி என்பது கீழெல்லை. 1 லிட்டருக்குக் குறையாமல் திட்டமிடுங்கள். ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கொடையாளி ஒட்டகத்தின் பிளாஸ்மாவில் லிட்டருக்கு 20 கிராம் ஐஜிஜி (IgG, எதிர்ப்புப் புரதங்களின் முதன்மை வகை) இருப்பதாக வைத்துக்கொண்டால், 1 லிட்டர் கொடுத்தாலும் 20 கிராம்தான் உள்ளே போகிறது. அதில் ஏறக்குறைய பாதி ஓரிரு நாளில் இரத்தக் குழாய்களை விட்டுத் திசுக்களுக்குள் பரவிவிடும். மீந்திருப்பது கன்றின் 3 லிட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்மாவில் கரைந்து, லிட்டருக்கு 3 கிராம் அளவில்தான் கூட்டும். இதே கன்று முதல் 6 மணி நேரத்தில் நல்ல சீம்பால் 2 லிட்டர் குடித்திருந்தால் இதைப்போலப் பல மடங்கு சேர்ந்திருக்கும். ஒரு பையை ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்து நானே இரண்டு கன்றுகளை இழந்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கணக்கை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

குதிரையில் செய்ததை இங்கே செய்ய இயலாது. குதிரையின் சிவப்பணுக்கள் காசு அடுக்கினாற்போல ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு விரைவாகப் படிந்துவிடும். ஒட்டகத்தின் சிவப்பணுக்களோ சிறியவை, நீள்வட்ட வடிவத்தவை. பையை இரவு முழுவதும் தொங்கவிட்டாலும் மேலே பயன்படும் அளவுக்குத் தெளிவு விழாது. சென்ட்ரிஃபியூஜ் கட்டாயம் வேண்டும். மனிதர்களுக்கான 450 மில்லி இரத்தப் பைகளே போதும். ஒட்டகத்தில் செல்களின் பங்கு 30 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால் பையொன்றுக்கு 250 மில்லிக்கு மேல் பிளாஸ்மா தேறும், நான்கு பைகளில் உங்கள் 1 லிட்டர் வந்துவிடும். 500 கிலோ எடையுள்ள ஒட்டகத்திடமிருந்து 2 லிட்டர் இரத்தம் எடுப்பது அதற்கு ஒரு பொருட்டே அன்று. சென்ட்ரிஃபியூஜுக்கு வழியே இல்லையென்றால் முழு இரத்தத்தைக் கிலோவுக்கு 20 மில்லி என்று மெதுவாக ஏற்றலாம். இரண்டாந்தரமான வழிதான், ஆனால் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல்.

கொடையாளி உங்கள் பண்ணையிலேயே சில ஆண்டுகளாக இருக்கும் ஆரோக்கியமான, சினையில்லாத விலங்காக இருக்கட்டும்; அந்த மண்ணின் கிருமிகளுக்கு எதிரான புரதங்கள் அதனிடம்தான் இருக்கும். ஈன்ற தாயைத் தேர்ந்தெடுக்காதீர்கள்; அதன் இரத்தத்தில் இருந்தவற்றில் பெரும்பங்கு மடிக்கு இறங்கியிருக்கும். சர்ரா என்னும் இரத்த ஒட்டுண்ணி நோய்க்கும் கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா கிருமிக்கும் சோதித்த பின்னரே எடுக்க வேண்டும். இதோடு ஒரு எச்சரிக்கை: கொடையாளியிடம் சர்ரா இருப்பது தெரியவந்தால், மாட்டுக்குப் போடும் பழக்கத்தில் டிமினசின் என்ற மருந்தைக் கையில் எடுத்துவிடாதீர்கள், ஒட்டகத்துக்கு அது நஞ்சு.

கழுத்துச் சிரையில், வடிகட்டி உள்ள இரத்தக் குழாய்த் தொகுதி வழியாக, உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிளாஸ்மாவை முதல் 20 நிமிடங்களுக்கு ஏறத்தாழ 20 மில்லி மட்டும் செல்லும்படி விடுங்கள். நடுக்கம், மூச்சிரைப்பு, தோலில் தடிப்பு, இதயத் துடிப்பில் திடீர் ஏற்றம் ஆகியவற்றில் ஒன்றும் இல்லையென்றால் மீதியை 3 மணி நேரத்தில் முடிக்கலாம். அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றிக் கையருகே இருக்க வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லியாகச் செஃப்டியோஃபரைத் தொடங்கலாம். நீரிழப்பு உள்ள கன்றுக்கு ஜென்டாமைசின் வகைகளைத் தவிர்த்து விடுங்கள், சிறுநீரகம் தாங்காது.

பால் தூளைப் பற்றி ஒரு சொல். பையின் பின்புறம் உள்ள எழுத்துகளை இன்றே படியுங்கள். மாட்டுக் கன்றுத் தீவனங்களிலும் சில பால் தூள்களிலும் இரத்தக் கழிச்சலைத் தடுப்பதற்காக மோனென்சின் போன்ற மருந்துகளைச் சேர்ப்பதுண்டு. மாடு தாங்கும் அளவு ஒட்டகத்தைக் கொன்றுவிடும். அப்படிச் சேர்த்த பையாக இருந்தால் அது ஒட்டகத் தொழுவத்துக்குள் இருக்கவே கூடாது.

கிடாவைப் பற்றிய கேள்விக்கு மற்றவர்கள் விடை சொல்லட்டும். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை.


குழாயும் கண்ணாடியும் (ஷார்ஜா) எழுதியது:

ஐயா சொன்ன சிகிச்சையில் கைவைக்க எனக்கு ஒன்றுமில்லை. நான் ஆய்வகத்தில் இருப்பவன், எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் 36-ஆம் மணி நேரத்தில் எடுத்தது சரியான நேரம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் எடுக்கும் மாதிரியே சீம்பாலின் கணக்கை உள்ளபடி காட்டும். 5-க்குக் கீழே வந்தாலே ஐயப்பட வேண்டும் என்னும்போது 4.1 என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. இருப்பினும் ரிஃப்ராக்டோமீட்டரை அளவோடு நம்ப வேண்டும். நீரிழப்பு உள்ள கன்றில் இரத்தம் கெட்டிப்பட்டு, 4.3 இருக்க வேண்டிய இடத்தில் 5.4 என்று காட்டி நம்மை ஏமாற்றும். உங்கள் முதல் மூன்று கன்றுகளில் எதற்காவது இயல்பான எண் வந்திருந்தால், அது கழிச்சல் தொடங்கிய பிறகு எடுத்ததா என்று குறிப்பேட்டில் பாருங்கள்.

ஐஜிஜியை நேரடியாக அளக்க விரும்பினால், மாட்டுக்கென்று விற்கும் சோதனைப் பட்டைகளை ஒட்டகத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒட்டகத்தின் எதிர்ப்புப் புரதங்களே தனிச் சாதி. 1993-இல் பிரஸ்ஸல்ஸில் இருந்த ரேமண்ட் ஹாமர்ஸ் குழுவினர், ஒட்டக இரத்தத்தில் வழக்கமான வடிவத்தோடு, இலேசான சங்கிலியே இல்லாமல் கனமான சங்கிலி இரண்டு மட்டும் கொண்ட எதிர்ப்புப் புரதங்களும் பெருமளவில் இருப்பதை வெளியிட்டார்கள். இன்று நானோபாடி என்று மருந்துலகம் கொண்டாடுவது அதன் வழி வந்ததுதான். மாட்டுப் புரதத்தை அடையாளம் காணச் செய்யப்பட்ட சோதனை இவற்றை முழுமையாகக் கண்டுகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒட்டகத்துக்கென்றே செய்த ஆர்ஐடி தட்டு (கூழில் புரதம் பரவும் வளையத்தைக் கொண்டு அளக்கும் சோதனை) கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டால் துத்தநாக சல்பேட் கலங்கல் சோதனை போதும். அது எந்த விலங்கின் புரதம் என்று கேட்பதில்லை. குளோபுலின் (எதிர்ப்புப் புரதங்கள் அடங்கிய புரத வகை) இருந்தால் கலங்கும், இல்லாவிட்டால் தெளிவாக நிற்கும். லிட்டருக்கு 10 கிராமுக்குக் கீழ் இருந்தால் குறை என்று கொள்வதே வழக்கம்.

இரண்டு வேண்டுகோள்கள். பிளாஸ்மாவும் நுண்ணுயிர்க்கொல்லியும் ஏறுவதற்கு முன் கிருமி வளர்ப்புக்கு இரத்தம் எடுத்துவிடுங்கள். அதே ஊசியில் 2 மில்லி சீரத்தையும் எடுத்து உறைய வையுங்கள், ஏற்றிய பிறகு வரும் எண்ணை ஒப்பிட அதுவே ஆதாரம். 1 லிட்டருக்குப் பிறகு மொத்தப் புரதம் 4.6 அல்லது 4.7-க்கு வந்தால் வியப்படைய வேண்டாம், கணக்கு அவ்வளவுதான் இடம் தருகிறது. மற்றொன்று, இளங்கன்றுகளின் மூக்கையும் வாயையும் கையாளும் பணியாளர்கள் கையுறையும் முகக்கவசமும் அணியட்டும். மனிதருக்கும் தொற்றிக் கடும் சுவாச நோய் தரும் மெர்ஸ் வைரஸை மிகுதியாக வெளியேற்றுபவை இளம் ஒட்டகங்களே.


அல்பாக்கா மருத்துவர் (விக்டோரியா, ஆஸ்திரேலியா) எழுதியது:

ஒட்டகத்தை நான் விலங்குக் காட்சிச்சாலைக்கு வெளியே தொட்டதில்லை. ஆனால் அதன் சிறிய உறவினர்களான அல்பாக்காக்களில் இதே குறையை ஒவ்வொரு பருவத்திலும் பார்ப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகள் சொல்ல விரும்புகிறேன்.

மேலாளரின் ஐயம் முற்றிலும் ஆதாரமற்றது என்று தள்ளிவிட முடியாது. லாமாக்களில் பிறவியிலேயே, எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கும் பி அணுக்கள் குறைந்துபோகும் ஒரு நோய் விவரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் நடை வேறு. அந்தக் குட்டிகள் தாயின் சீம்பாலை ஒழுங்காகக் குடித்து, அந்தப் புரதம் இருக்கும் வரை நன்றாகவே வளர்ந்து, பால் மறக்கும் காலத்தை ஒட்டித்தான் மெலிந்து, ஒரு தொற்று மாற்றி ஒரு தொற்றாக வாங்கிக்கொண்டு மடியும். உங்கள் கன்றுகள் இறந்தது முதல் பத்து நாட்களில். மூன்று தாய்களில் இரண்டு கன்றை அறியாத தலையீற்று, ஒன்று காம்பு பருத்த கிழடு. இதில் கிடாவுக்கு என்ன பங்கு? இறந்த மூன்றும் அதே கிடாவின் கன்றுகள் என்றால், இந்தப் பருவத்தில் நலமாக இருக்கும் மற்றக் கன்றுகள் யாருடையவை என்று மேலாளரிடமே கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, சிரை கிடைக்காமல் போனால் நாங்கள் பிளாஸ்மாவை வயிற்றறைக்குள்ளேயே செலுத்துவதுண்டு. 7 கிலோ குட்டிக்கு அது எளிது, ஒரே ஊசியில் முடிந்துவிடும். உங்களுக்கும் அது கைகொடுக்கலாம்.


நாமக்கல் பழையவர் எழுதியது:

வயிற்றறைக்குள் செலுத்துவதை நான் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். 7 கிலோவும் 36 கிலோவும் ஒன்றன்று. 1 லிட்டரை அங்கே ஊற்றினால் கன்றுக்கு மூச்சுவிடுவது சிரமமாகும்; இரத்தத்தில் சேர ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். உங்கள் கன்றுக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம் இருக்கிறது. ஒட்டகக் கன்றின் கழுத்துச் சிரை நல்ல பருமன்; மயிரை மழித்துவிட்டுப் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும். மற்றபடி, கிடாவைப் பற்றி மருத்துவர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன்.


பாலைக்கன்று (அல் ஐன்) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நகரத்தில் உள்ள ஓர் ஆய்வகத்தில் சென்ட்ரிஃபியூஜ் வசதி கிடைத்தது. ஆறு ஆண்டுகளாகப் பண்ணையில் இருக்கும் சினைப்படாத ஒட்டகத்திடமிருந்து நான்கு பைகள் எடுத்தோம். 1,050 மில்லி தேறியது. 47-ஆம் மணி நேரத்தில் ஏற்றத் தொடங்கினோம். அரை மணி நேரம் கடந்தபோது கன்று நடுங்கியது, மூச்சும் விரைந்தது. நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்து, பாதி வேகத்தில் தொடர்ந்தபோது அது திரும்பவில்லை. ஏற்றி முடித்து 24 மணி நேரத்தில் மொத்தப் புரதம் 4.7. ஷார்ஜா நண்பர் சொல்லியிராவிட்டால் இந்த எண்ணைப் பார்த்து மனம் தளர்ந்திருப்பேன். கன்று இப்போது எழுந்து நிற்கிறது, புட்டியைத் தேடி வருகிறது. தொப்புளில் மட்டும் சிறிது தடிப்பு தெரிகிறது. பால் தூள் பையில் மருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டேன்.

மற்றக் கன்றுகளைப் பற்றியும் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். இதே கிடாவின் பதினான்கு கன்றுகள் எந்தக் குறையும் இல்லாமல் துள்ளிக்கொண்டிருக்கின்றன. மேலாளரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, கிடா இருக்கிறது.

இனி வருபவற்றைப் பற்றிக் கேட்க வேண்டும். சீம்பாலைக் கறந்து சேமிக்க முயன்றேன். தாய் பாலை அடக்கிக்கொண்டு 100 மில்லிகூடத் தரவில்லை. பணியாளர்களில் சிலர், முதல் பால் கெட்ட பால், அது கழிச்சலைக் கொண்டுவரும் என்று நம்பி, நான் இல்லாத நேரத்தில் தரையில் கறந்துவிட்டிருக்கிறார்கள் என்பதும் இப்போதுதான் தெரியவந்தது.


பிகானேர்வாசி எழுதியது:

ராஜஸ்தானத்தில் ஒட்டக வேலை பார்க்கும் தமிழன் நான். ஒட்டகத்துக்கென்று 1984-இல் தொடங்கிய மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் இங்கே பிகானேரில்தான் இருக்கிறது. நாட்டில் 2012-இல் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சமாகச் சுருங்கிவிட்ட நிலையில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஈனும் விலங்கின் ஒரு கன்று போவது இங்குள்ளவர்களுக்குச் சிறிய இழப்பன்று. அதனால் சிகிச்சையைவிட முதல் 6 மணி நேரத்தைக் காப்பதைப் பற்றியே இங்கு மிகுதியாகப் பேசுவோம்.

பாலை அடக்குவது உங்கள் ஒட்டகத்தின் பிடிவாதம் அன்று. மாட்டைப்போல ஒட்டகத்தின் மடியில் பால் தேங்கி நிற்கும் அறை பெரிதாக இல்லை; பால் சுரப்பித் திசுவுக்குள்ளேயே இருக்கும். கன்றின் மணமும் வாயும் பட்டால்தான் அது இறங்கும், இறங்கினாலும் ஒன்றரை இரண்டு நிமிடத்துக்குள் கறந்துவிட வேண்டும். ஆகவே தாயைக் கட்டி, ஒரு முன்னங்காலை மடக்கிக் கட்டிவிட்டு, கன்றை ஒரு பக்கத்துக் காம்புகளில் விட்டு, மறுபக்கம் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கறக்க வேண்டும். ஒருவர் கறந்தால் பாதி அங்கேயே நின்றுவிடும். கன்று நிற்க முடியாத நிலையில் இருந்தால் அதைத் தாயின் மூக்கருகே படுக்க வைத்தே கறந்து பாருங்கள். அதற்கும் இறங்காவிட்டால் பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசின் சிறிதளவு போடலாம், ஆனால் அதையே பழக்கமாக்கிவிடாதீர்கள்.

பசு தன் கன்றை நக்கி உலர்த்தும். ஒட்டகம் அப்படி நக்குவதில்லை, மோந்து பார்த்து முனகுவதோடு சரி. மாட்டுப் பண்ணையிலிருந்து வந்தவர்கள் இதைத் தாய் கன்றை வெறுப்பதாக எண்ணிப் பிரித்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவுதான் பல நேரங்களில் தாய் கன்றை மறுப்பதில் கொண்டுபோய் விடுகிறது. துணியால் துடைத்து உலர்த்துவது நம் வேலை. துடைத்த கன்றைத் தாயின் கண்முன்னேயே விட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் எழவில்லை, மூன்று நான்கு மணி நேரத்தில் காம்பைப் பற்றவில்லை என்றால் அதற்குமேல் காத்திருக்காமல் கறந்து புட்டியில் கொடுங்கள். உறிஞ்சாவிட்டால் வயிற்றுக் குழாய். 36 கிலோ கன்றுக்கு முதல் 6 மணி நேரத்தில் ஏறக்குறைய 1.8 லிட்டர், ஒரு நாளைக்குள் மொத்தம் 3.6 லிட்டர் என்று நாங்கள் வைத்துக்கொள்கிறோம். ஒருவேளைக்கு 1 லிட்டருக்கு மேல் வேண்டாம்.

சீம்பால் கெட்டது என்ற நம்பிக்கை உங்கள் பணியாளர்களிடம் மட்டும் இருப்பதன்று. ஆப்பிரிக்காவின் ஒட்டக மேய்ப்பர்கள் பலரிடமும் உண்டு. அதைக் கேலி செய்வதில் பயன் இல்லை, ஏனென்றால் அவர்கள் கண்ணால் பார்த்ததில் ஒரு பாதி உண்மை இருக்கிறது: வயிறு முட்டக் குடித்த கன்று மறுநாள் இளகலாகப் போகத்தான் செய்யும். பார்வைக்கும் ஒட்டகச் சீம்பால் பசுவினுடையதைப்போல மஞ்சளாகக் கெட்டியாக இராது, வெளுத்து நீர்த்தே இருக்கும். அதில் என்ன சத்து இருக்கப்போகிறது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். நான் செய்தது இதுதான்: ஒரு பருவத்தில் பிறந்த கன்றுகளின் காதுத் தோட்டு எண்ணையும், சீம்பால் குடித்த மணி நேரத்தையும், மூன்று வாரத்தில் இருந்ததா இறந்ததா என்பதையும் தொழுவத்துச் சுவரில் எழுதிவைக்கச் சொன்னேன். எழுதியவர்கள் அவர்களே. அடுத்த பருவத்தில் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சேமிப்புக்கு, முதல் நாள் பாலை மட்டும் எடுங்கள். இரண்டாம் நாளிலேயே புரதம் சரசரவென்று இறங்கிவிடும். புருசெல்லா இல்லாத, மடிநோய் இல்லாத தாய்களிடமிருந்து அரை லிட்டர்ப் பைகளாக உறைய வைத்தால் ஓராண்டு நிற்கும். வெதுவெதுப்பான நீரில் உருக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் புரதம் வெந்துவிடும். பசுவின் சீம்பாலுக்கு 22 பிரிக்ஸ் (ரிஃப்ராக்டோமீட்டரில் அதன் செறிவைக் காட்டும் அளவு) என்று ஓர் எல்லை சொல்வார்களே, அது பசுவுக்கு. அதை வைத்து ஒட்டகச் சீம்பாலைத் தள்ளாதீர்கள். ஒட்டகச் சீம்பாலே கையில் இல்லாத இரவில் பசுவின் சீம்பாலைக் கொடுக்கலாம், கன்றின் குடல் அதையும் ஏற்கும். ஆனால் பாரா டியூபர்குலோசிஸ் என்னும் குடல் நோய் ஒட்டகத்தை மாட்டைவிடக் கடுமையாகத் தாக்கும் என்பதால், சோதித்த மந்தையிலிருந்து வாங்கி, 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, உறிஞ்சும் வேகம் இல்லாமலேயே பிறக்கும் கன்றுகள் தொடர்ந்து வந்தால் செலினியக் குறையை நினைத்துப் பாருங்கள். ஆனால் ஒட்டகம் செலினியம் மிகுவதையும் தாங்காது; இரத்தத்தில் அளந்து பார்க்காமல் ஊசி போட வேண்டாம்.


நாமக்கல் பழையவர் எழுதியது:

4.7 போதாது தம்பி. தொப்புள் தடித்திருக்கிறது என்று வேறு சொல்கிறீர்கள். இரண்டாவது லிட்டரை நாளைக்கே ஏற்றுங்கள். அதே கொடையாளியிடம் மறுபடி எடுக்காமல் வேறொன்றைப் பாருங்கள். தொப்புளை 0.5 விழுக்காடு குளோர்ஹெக்சிடினில் நாளுக்கு இரண்டு முறை நனையுங்கள், கடுமையான அயோடின் அங்குள்ள தோலைச் சுட்டுவிடும். முழங்கால், கணுக்கால் மூட்டுகளைக் காலையிலும் மாலையிலும் தொட்டுப் பாருங்கள்; சூடு தெரிந்தால் அன்றே மூட்டு நீரை எடுத்து ஷார்ஜா நண்பருக்கு அனுப்பிவிடுங்கள். நுண்ணுயிர்க்கொல்லியை ஐந்தாம் நாளில் நிறுத்தலாம் என்று எண்ணியிருந்தால், பத்து நாளாக்குங்கள்.


பாலைக்கன்று (அல் ஐன்) எழுதியது:

ஐயா, இரண்டாவது லிட்டரை நேற்று முன்தினம் ஏற்றினோம். இம்முறை நடுக்கம் இல்லை. இன்று கன்றுக்கு ஏழாம் நாள். மொத்தப் புரதம் 5.3, துத்தநாக சல்பேட் சோதனைக் குழாய் முன்பைவிட நன்றாகவே கலங்குகிறது. கிருமி வளர்ப்பில் எதுவும் வளரவில்லை என்று ஆய்வகத்திலிருந்து செய்தி வந்தது. ஐந்தாம் நாள் மாலையில் தொடங்கிய இளகல் கழிச்சல் ஒன்றரை நாளில் நின்றுவிட்டது. உப்புச் சர்க்கரை நீரும் சீம்பால் கலந்த பாலும் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. தொப்புள் வற்றிவிட்டது. இடது முன்முழங்காலில் இலேசான சூடு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, பணியாளர் இல்லை என்கிறார். நாளைக் காலை வரை பார்த்துவிட்டு ஊசி போட்டு எடுப்பேன்.

தாய் இன்னும் கன்றை ஏற்கவில்லை. பக்கத்துக் கொட்டிலில் கன்றை இழந்த அந்த வயதான ஒட்டகம் இதன் குரலைக் கேட்டு வேலியோரம் வந்து நிற்கிறது. அதன் காம்பு இதன் வாய்க்கு அடங்காது என்பதால், அதை அருகில் நிறுத்திப் பாலைக் கறந்து புட்டியில் கொடுக்கிறோம்.

அடுத்து மூன்று ஒட்டகங்கள் மடிவிட்டு நிற்கின்றன. இரவுக் காவலுக்கு இரண்டு பேரை முறை வைத்து அமர்த்த மேலாளர் ஒப்புக்கொண்டார். நேற்று ஈன்ற ஒன்றிடமிருந்து, கன்று வயிறார உறிஞ்சிய பிறகு, இரண்டு பேராக அமர்ந்து கறந்ததில் 1.2 லிட்டர் கிடைத்தது. உறைபெட்டியில் இப்போது இரண்டு பைகள் இருக்கின்றன, மீதி 200 மில்லியை இந்தக் கன்றே குடித்துவிட்டது.